எட்டு மேடுகள்

இந்த நாற்றம் எலியினுடையது மட்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எலி மூத்திரம், அதன் மேல் படிந்த தூசி, அதன் மேல் கசிந்து ஊறிய கன்டென்சர் எண்ணெய், எல்லாம் சேர்ந்து அழுகிப்போன பலாச்சுளை மாதிரி இனித்துக்கொண்டே தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் நிற்கிறது. மத்தியானம் தயிர்சாதத்தை ஸ்பூனில்தான் சாப்பிடுகிறேன். வாரத் தொடக்கத்தில் அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே மோந்து பார்த்து, "ஏன் கண்ணு, கம்பெனியில எலி புடிக்கற வேலையா குடுத்துருக்காங்க?" என்றாள். இல்லை அம்மா, நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள், ஜெயகோபால் சாரின் பழைய கார் ஷோரூமில் ஒரு என்ஜின் அனலைசரை உயிர்ப்பிக்கிறேன் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. நான் சொல்ல நினைப்பதில் பாதி இப்படித்தான், வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். இப்போதும் அந்த அனலைசர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு ஆள் குறுக்கி உட்காரும் இடத்தில், முதுகு சுவரில் ஒட்ட உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி என் உயரம். பின்பக்கத் தகடு கழற்றியிருக்கிறது. முன்பக்கம் பாலிஷ் போட்டுப் பளபளக்கிறது. சிவப்பு எனாமல், குரோமியக் குமிழ்கள், நடுவில் வட்டத் திரை. அந்தப் பக்கத்தை நான் பார்த்தே இரண்டு நாள் ஆகிறது. எனக்குக் கிடைத்தது பின்பக்கம். குடல். பெட்டியைத் திறந்த முதல் நாள் டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஒரு கூடு இருந்தது, கடித்துத் துப்பிய காகிதமும் வயர்த் தோலும் சேர்த்துப் பின்னியது, உள்ளே கட்டைவிரல் நுனி அளவில் நாலு குஞ்சுகள், காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, பேரீச்சம்பழம் மாதிரி. அதற்குப் பிறகு பேரீச்சம்பழம் சாப்பிட முடியவில்லை. நாலு. அன்றைக்கே எண்ணியிருக்கிறேன். என் கெட்ட பழக்கம் அது, எதைக் கண்டாலும் எண்ணிவிடுவேன்.

எண்ணாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருக்கலாம். பெட்டிக்கு வெளியே, போர்ட்டிகோவில், வெண்ணெய் நிறப் பழைய கார் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. இந்தப் பெட்டியிலிருந்து இரண்டு கறுப்பு வயர்கள் தரையோடு போய் அதன் என்ஜினில் ஏறுகின்றன. நாலு சிலிண்டர் என்ஜின். ஒவ்வொரு பிளக்கும் பொறி விடும்போது திரையில் ஒரு மேடு எழும்ப வேண்டும். பொறி விடும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. ஒன்று மூன்று நான்கு இரண்டு. பஸ்ஸில் வரும்போதும் இதுதான் ஓடுகிறது, படி ஏறும்போதும் இதுதான். நாலு சிலிண்டர், நாலு மேடு. ஆனால் இப்போது முன்பக்கத்தில், வட்டக் கண்ணாடிக்குப் பின்னால், எட்டு மேடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், யாரோ வெளிநாட்டுக்காரர் தன் எட்டு சிலிண்டர் வண்டியை வைத்து எடுத்த வீடியோ. ஜெயகோபால் சாரின் மகன் எங்கிருந்தோ இறக்கி அப்பாவுக்கு அனுப்ப, அவர் எனக்கு அனுப்பினார். "தாரணி, இதை அந்த டேப்லெட்ல போட்டு, டேப்லெட்டைத் திரை முன்னாடி சொருகிரு. முடிஞ்சது வேலை." முடிஞ்சது வேலை. அந்தத் திரையை ஓட வைக்க நான் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வீடியோவைப் பார்த்த முதல் நிமிஷமே எண்ணிவிட்டேன், எட்டு. சொல்லப் போனேன். அவர் போனில் இருந்தார், கையால் அப்புறம் என்றார். அப்புறம் நான் சொல்லவில்லை. பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். முழுக்கப் பயமில்லை. யாராவது ஒருவர் எண்ணுகிறாரா பார்ப்போம் என்று ஒரு அற்பமான ஆசை. இரண்டு நாளாக ஓடுகிறது, வந்தவர் போனவர் எல்லோரும் பார்த்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். ஒருவரும் எண்ணவில்லை.

ஆறுச்சாமி அண்ணன் போர்ட்டிகோவிலிருந்து கத்துகிறார், "ஏனுங் இன்ஜினியரம்மா, எலி ஊட்டுலயே குடி போயிட்டீங்ளா? சத்தமே காணோம்." நான் "ம்" என்கிறேன். அவருக்குக் கேட்காது. அவர்தான் இங்கே மெக்கானிக், காருக்கு அவர், பெட்டிக்கு நான். எச்சிலைத் தொட்டு ஹெட்லைட்டைத் துடைப்பார். ஜெயகோபால் சாரும் அப்படித்தான், இன்று காலை முன்பக்க டயலில் ஒரு புள்ளி தூசி கண்டு, நுனிநாக்கில் விரலை வைத்து அதை எடுத்தார், பிறகு அந்த விரலாலேயே என் தோளைத் தட்டி "சூப்பர்" என்றார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, தெரியும். ஆனால் அந்த ஈரம் துப்பட்டா வழியாகப் பட்டது. இப்போது வரை அந்த இடம் தனியாகத் தெரிகிறது, ஒரு நாணய அளவுக்கு. படிக்கும்போது ஹாஸ்டல் குளியலறைச் சல்லடையில் முடிக்கொத்து அடைத்துக்கொள்ளும், யாரும் எடுக்க மாட்டார்கள், கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும், ஒரு குச்சியால் கிளறி எடுத்தால் நீளமாக வரும், வந்துகொண்டே இருக்கும். அதை எடுப்பவள் எப்போதும் நான்தான். எடுத்துவிட்டு வந்தால் மற்றவர்கள் என்னைத்தான் அருவருப்பாகப் பார்ப்பார்கள், அடைத்தவர்களை அல்ல. இங்கேயும் அதேதான். நாற்றம் என்னோடு வருகிறது என்பதால் நாற்றமே நான்தான் என்று ஆகிவிட்டது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் நான் போனதும் ரூம் ஸ்பிரே அடிக்கிறாள். நான் திரும்பிப் பார்க்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை.

உண்மையான திரை இந்த டேப்லெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பழைய பிக்சர் டியூப், கழுத்து நீண்ட கண்ணாடிக் குடுவை, இதோ என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் அதன் வால்பக்கம். அது வேலை செய்கிறது. இதை நான் யாரிடமும் உரக்கச் சொன்னதில்லை. கன்டென்சர்களை மாற்றினேன், எலி தின்ற வயர்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போய்ப் புதிதாக இழுத்தேன். பெட்டி வந்தபோது ஒரு பாகம் அடியோடு இல்லை, முதல் சிலிண்டரின் பிளக் வயரைக் கவ்விப் பிடிக்கும் கிளிப். அது இல்லாவிட்டால் திரைக்கு எது முதல் மேடு என்று தெரியாது. மேடுகள் வரும், ஆனால் எந்த மேடு எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாது, பெயர் தெரியாத ஆட்கள் வரிசையில் நிற்பதுபோல. எங்கே தேடியும் அந்தக் கிளிப் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பழைய டிவியிலிருந்து ஃபெரைட் வளையத்தை எடுத்து, இரண்டாக உடைத்து, மேலே செம்புக் கம்பி சுற்றி, எங்கள் மொட்டை மாடிக் கொடியிலிருந்து எடுத்து வந்த துணிக் கிளிப்பின் இரண்டு தாடையிலும் ஒட்டினேன். நீலத் துணிக் கிளிப். முதல்முறை ஆறுச்சாமி அண்ணனின் ஸ்கூட்டரில் மாட்டிப் பார்த்தபோது திரையில் ஒற்றை மேடு வந்து நின்றது, ஆடாமல், பச்சையாக. எண்ணிப் பார்த்தேன், ஒன்று. ஜெயகோபால் சார் பார்த்துவிட்டு, "ஐய, இதென்ன துணி காயப்போடறது, பார்ட்டி முன்னாடி இது தெரியக்கூடாது" என்றார். பிறகு மூக்கைச் சுருக்கினார். டியூப் சூடானால் டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும், டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஊறியிருக்கும் எலி நாற்றம் ஆவியாகி மேலே வரும். எவ்வளவு துடைத்தாலும் அதற்குள் போக முடியவில்லை. "இது ஓடினா ஷோரூமே நாறுது. வேண்டாம். டேப்லெட் போதும். டியூப் வயரை வெட்டிரு." இது போன வாரம். நேற்று, "வெட்டிட்டியா?" நான் "ம்" என்றேன். அந்த "ம்" எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். இன்று பிரபுதாஸ் என்று ஒருவர் கோத்தகிரியிலிருந்து வருகிறார், ரிசார்ட் வைத்திருப்பவர், காரும் பெட்டியும் சேர்த்து அவருடைய வரவேற்பறைக்கு. பிடித்துவிட்டால் மாலையில் வேன் வரும், ஏற்றுவதற்கு முன் டியூபை எடுத்துவிட வேண்டும், மலை ஏறும்போது உடைந்தால் கண்ணாடி சிதறும், அதனால் குப்பைக்கு. கட்டிங் பிளையர் என் மடியில் இருக்கிறது. டியூப் கழுத்தில் நாலு வயர். வெட்டுவதற்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது.

இன்னும் கேவலம் என்னவென்றால், அந்த டேப்லெட்டைச் சொருகும் வேலையையும் நான் நன்றாகச் செய்திருக்கிறேன். கறுப்பு அட்டையை வட்டமாக அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, டேப்லெட்டின் சதுர மூலைகள் எந்தக் கோணத்திலும் தெரியாதபடி. கண்ணாடிக்கு உள்பக்கம் லேசாகப் பச்சைத் தாள். யாரும் கேட்காத பச்சைத் தாள். பொய்யை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அரைகுறைப் பொய்யை என் கை ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி எடுத்தவன் அதை அழகாகக் கோலம் போட்டு வைத்த மாதிரி. சீ. சார்ஜ் போட வசதியாக இருக்கட்டும் என்று சொல்லி, பின்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் இழுத்தால் சிலேட்டுப் பலகை மாதிரி வெளியே வரும்படி செய்தேன். சார்ஜுக்கு மட்டும்தானா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். டியூபுக்குத் தனி ஸ்விட்ச், இதோ வலது கைப் பக்கம். நீலக் கிளிப்பையும் காலையிலேயே காரின் முதல் பிளக் வயரில், வெளியே தெரியாதபடி அடியில் மாட்டிவிட்டேன். இடது கையைத் துப்பட்டாவுக்குள் சுற்றி முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கல்லூரி லேபில் எழுதிப் போட்டிருப்பார்கள், அதிக வோல்டேஜ் பக்கம் ஒரு கைதான் போக வேண்டும், இரண்டு கையும் போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்று. பையன்கள் ஒரு கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார்கள். சுடிதாரில் பாக்கெட் இல்லை, அதனால் துப்பட்டா. வைவாவில் வெளிக் கல்லூரிப் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு நான் சரியான பதிலைச் சொன்னேன், என் பக்கத்தில் நின்றவன் அதையே சத்தமாகச் சொன்னான், அவர் அவனுக்குத் தலையசைத்தார். எனக்கு அழுகை வரவில்லை, என் குரல் மேல்தான் ஒரு அருவருப்பு வந்தது, வாய்க்குள் ஒரு ஈரமான பூச்சி இருப்பது மாதிரி. ஒரு என்ஜினில் எந்த சிலிண்டர் செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். பிடுங்கியதும் வேகம் குறைந்தால் அது உழைக்கிற சிலிண்டர். பிடுங்கியும் ஓட்டம் மாறவே இல்லை என்றால் அதுதான் செத்தது. என் வயரைப் பிடுங்கினால் இந்த ஷோரூம் எப்படி ஓடும்? ஒன்று மூன்று நான்கு இரண்டு. ரூம் ஸ்பிரே மிச்சமாகும்.

கார் கதவு சாத்தும் சத்தம். செருப்புச் சத்தம், கனமான ஒன்று, பின்னால் ஜெயகோபால் சாரின் உற்சாகக் குரல், "வாங்க வாங்க, மலையில மழை எப்படி? ஆறுச்சாமி, ஸ்டார்ட் பண்ணப்பா." என்ஜின் இருமிக்கொண்டு எழுகிறது. எழுந்த உடனே எனக்குத் தெரிகிறது, ஓட்டம் சரியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை நொண்டுகிறது, நொண்டிக் கால்காரர் மாடி ஏறும் தாளம். ஆறுச்சாமி அண்ணன் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி அதை மறைக்கிறார். பெட்டியின் தகட்டு இடுக்கு வழியாக எனக்குத் தெரிவது பிரபுதாஸின் வயிறும் சட்டைப் பொத்தான்களும் மட்டும். வெள்ளைச் சட்டை, செண்ட் வாசனை, சந்தனமும் ஆஃப்டர்ஷேவும். அது எலி நாற்றத்தோடு கலக்கும்போது இரண்டையும்விட மோசமாக இருக்கிறது. "எல்லாம் ஒரிஜினல்," என்கிறார் ஜெயகோபால் சார், "ஒரு ஸ்க்ரூ மாத்தலை. பசங்க நாலு பேர் ராப்பகலா உக்காந்து கொண்டுவந்தாங்க." பசங்க நாலு பேர். அவருக்கும் நாலுதான் வருகிறது, இடம்தான் தப்பு. "பாருங்க, என்ஜினோட துடிப்பு. ஹார்ட்பீட் மாதிரி." பிரபுதாஸ், "அடடா. அழகு," என்கிறார். எட்டு மேடுகள் அழகாக ஓடுகின்றன. வெளியே நாலு சிலிண்டர் என்ஜின் நொண்டுகிறது, உள்ளே எட்டும் ஒரு குறையில்லாமல் அணிவகுக்கின்றன. ஒரே இடத்தில் காதும் கண்ணும் இவ்வளவு வேறு வேறாக இருக்க, நடுவில் நிற்கிற மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "எங்க லௌஞ்சுல வச்சா எப்பவும் இப்படி ஓடிட்டே இருக்குமுங்களா?" "தாராளமா. கார் இல்லேன்னாலும் ஓடும்." "அப்படியா, ரொம்ப சௌகரியம்." கார் இல்லேன்னாலும் ஓடும். நான் அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கிறேன். கார் இல்லாமல் எப்படி ஓடும் என்று அவர் கேட்பார், கேட்டே ஆக வேண்டும், ஒரு குழந்தைகூடக் கேட்கும். அவர் கேட்கவில்லை. சௌகரியம் என்றார். இவ்வளவு நாள் நான் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தது தப்பான நாற்றத்தை. எலி பாவம், அது இருந்தது, மூத்திரம் பெய்தது, குட்டி போட்டது, செத்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை. "சரி, மாலை வண்டி அனுப்பிடறேன்," என்கிறார் ஜெயகோபால் சார், பிறகு குரலைத் தாழ்த்தி, பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து எனக்கு மட்டும், "அந்த டியூபை இப்பவே கழட்டிரும்மா."

கட்டிங் பிளையரை எடுத்தேன். எடுத்துத் தரையில் வைத்தேன். கை அதற்குப் பிறகு என்னைக் கேட்கவில்லை. ஸ்விட்சைப் போட்டது, டேப்லெட்டின் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தது. அது நான் செய்து வைத்திருந்தபடியே, சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் திரை இருட்டாகியிருக்க வேண்டும். "என்னாச்சுங்க?" "ஒண்ணுமில்லை, கரண்ட்... தாரணி?" டியூப் சூடாக நேரம் எடுக்கும், அதற்குள் யாராவது வந்து இழுத்துவிட்டால் முடிந்தது. கழுத்துக்குள் இழை முதலில் செம்மண் நிறம், பிறகு பூசணிப்பூ. டிரான்ஸ்ஃபார்மர் முனக ஆரம்பிக்கிறது. கூடவே அது வருகிறது, முதலில் என் முகத்துக்கு, பிறகு பெட்டியின் மேல்துளைகள் வழியாக அவர்களுக்கு. "ஐயோ, என்னங்க இது நாத்தம்," பிரபுதாஸின் குரல் கைக்குட்டைக்குள் போய்விட்டது. "ஏதோ எலி, சார், நீங்க இப்படி வெளிய வந்துருங்க, காத்தாட..." சட்டைப் பொத்தான்கள் திரும்புகின்றன. போகப் போகிறார். போய்விடுவார், கதவு சாத்தப்படும், மாலை வேன் வரும். இடது கை துப்பட்டாவுக்குள் முறுக்கிக்கொண்டு வலிக்கிறது. ஒன்று மூன்று நான்கு இரண்டு. அப்போது பெட்டியின் பக்கவாட்டு இடைவெளி வழியாக, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பழைய விளம்பரப் படத்தின் கண்ணாடியில், பெட்டியின் முன்பக்கம் இடம்வலம் மாறி மங்கலாகத் தெரிந்தது. வட்டம் பச்சையாகிக்கொண்டிருந்தது. ஒரு கோடு, புகை மாதிரி, நடுங்கி, பிறகு பிடித்துக்கொண்டது. வலமிருந்து எண்ணினேன். மேடு. குட்டை. மேடு. மேடு. நாலு. இரண்டாவது மட்டும் முழுதாக எழும்பவில்லை, பாதி முளைத்த பல் மாதிரி. பொத்தான்கள் நின்றன. "இதென்னங்க," கைக்குட்டைக்குள்ளிருந்து பிரபுதாஸ், "இப்ப வேற மாதிரி வருது. அந்த ரெண்டாவது ஏன் குட்டையா இருக்கு?" ஜெயகோபால் சார் சிரித்தார், அந்தச் சிரிப்புக்கு என்ஜினைவிட அதிகமாக நொண்டல். "அது பழைய மெஷின் பாருங்க, அப்பப்ப..." அப்பப்ப. என் நீலக் கிளிப் முதல் வயரைக் கவ்விக்கொண்டு, எது முதல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. எண்ணத் தெரிந்த ஒரே பொருள் அது.

எழுந்தேன். பெட்டியைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். வெளிச்சம். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், நாற்றம் ஒரு உருவம் எடுத்துக்கொண்டு வந்து நின்ற மாதிரி. "அது மூணாவது சிலிண்டர் சார்," என்றேன். என் குரல் போர்ட்டிகோ வரை போனது, எனக்கே கேட்டது, ஈரமாக இல்லை. "பொறி விடற வரிசையில ரெண்டாவதா வரும். அது வேலை செய்யலை. ஆறுச்சாமி அண்ணா, மூணாவது பிளக் வயரைக் கொஞ்சம் பிடுங்குங்க." ஆறுச்சாமி அண்ணன் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "பிடுங்கட்டுங்ளா?" முதலாளியின் கண் திரையிலேயே இருந்தது. அண்ணன் வயரைப் பிடுங்கினார். என்ஜின் அதே நொண்டலோடு அப்படியே ஓடியது, ஒரு இழைகூட மாறவில்லை, அங்கே எதுவும் பிடுங்கப்படாதது மாதிரி. "தாரணி," என்றார் ஜெயகோபால் சார் மெதுவாக, "உள்ள போம்மா." போகத்தான் நினைத்தேன். ஆனால் பிரபுதாஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடுப்புப் பக்கம் பார்த்தார், அப்போதுதான் எனக்கும் தெரிந்தது, டேப்லெட்டைக் கீழே வைக்கவே இல்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், கறுப்பு அட்டை வட்டத்தோடு. அதில் எட்டு மேடுகள் தலைகீழாக, எந்த வண்டியும் இல்லாமல், ஓடிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடியே பெட்டியின் திரைக்கு நேரே குனிந்தார், நாற்றத்துக்குள்ளேயே. மறுபடி என் கக்கத்தைப் பார்த்தார். கைக்குட்டை கொஞ்சம் நழுவியது. அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.